ஐயாயிரத்து ஐந்நூறு சொற்கள்

(அவையில் ஆற்றிய உரையின் எழுத்துரு)



இன்றைய உரைக்கு எடுத்துக்கொள்ளப்பெற்ற பொருள் தமிழ்நாட்டைப் பற்றியதன்று, சீனத்தைப் பற்றியது. சீன இளைஞர்கள் மேற்பட்டப் படிப்பில் நுழைவதற்காக ஆங்கிலச் சொற்களை எவ்வாறு உருப்போடுகின்றனர், ஆங்கிலக் கட்டுரைகளை எவ்வாறு படித்துப் பழகுகின்றனர் என்பதே அது. இதனைத் தமிழர் அவையில் ஏன் பேசவேண்டும் என்று ஒருவர் வினவலாம், வினவட்டும். பல்கலைக்கழகக் கல்வியைப் பெரும்பாலும் தன் சொந்த மொழியிலேயே நடத்துகின்ற ஒரு நாடு, அயன்மொழிக்கு எந்த இடத்தை ஒதுக்கி வைத்திருக்கின்றது, அந்தச் சிறிய இடமும் அந்நாட்டு இளைஞர்க்கு எத்துணைத் துன்பம் தருகின்றது என்று அறிந்துகொள்வது மொழியுணர்வு உடையார்க்கு வீண்வேலை ஆகாது.

சீனத்தில் மேற்பட்டப் படிப்பிற்கு நாடு முழுமைக்கும் ஒரே வேளையில் தேர்வு நடைபெறுகின்றது. அதனைச் சீனர் 'காவ்-யென்' என்பர். 'காவ்' என்றால் தேர்வு. 'யென்' என்பது ஆராய்ச்சி மாணவரைக் குறிக்கும் சீனச்சொல்லின் முதற்கூறு. பண்பாட்டுப் புரட்சி என்னும் பெயரால் கல்விக்கூடங்கள் சீர்குலைந்து கிடந்த காலம் முடிந்தபின், 1977இல் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வும், 1978இல் மேற்பட்ட மாணவர் சேர்க்கையும் மீண்டும் தொடங்கின. அன்று தொடங்கிய ஓட்டம் இன்றும் நிற்கவில்லை. 2023ஆம் ஆண்டுச் சேர்க்கைக்காகப் பெயர் பதிந்துகொண்டோர் 47 இலக்கத்து 40 ஆயிரம் பேர். 2024ஆம் ஆண்டிற்கு 43 இலக்கத்து 80 ஆயிரம் பேர். 2025ஆம் ஆண்டிற்கு 38 இலக்கத்து 80 ஆயிரம் பேர். குறைந்துவருகின்றது என்று சொல்லும்போதே அத்தொகை ஒரு சிறு நாட்டின் மக்கள்தொகையாக இருக்கின்றது!

தேர்வு திசம்பர்த் திங்களின் பிற்பகுதியில், கடுங்குளிரில் நடக்கும். முதல்நாள் காலையில் அரசியல் தாள், 100 மதிப்பெண். அன்று பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை அயன்மொழித் தாள், அதற்கும் 100. மறுநாள் துறைத்தாள்கள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 150. ஆக 500. வரலாறு, மருத்துவம் போன்ற சில துறைகளில் இரண்டு தாள்களுக்கு மாற்றாக 300 மதிப்பெண்ணுக்கு ஒரே தாள் உண்டு. இவற்றுள் அயன்மொழித் தாள் ஒன்றைத் தவிர ஏனையவற்றை மாணவர்கள் பெரும்பாலும் சீனமொழியிலேயே எழுதுகின்றனர். பொறியியலானாலும், கணக்கானாலும், வேதியியலானாலும் சீனமே. இதனை முதலில் நினைவில் நிறுத்திக்கொள்ளவேண்டும்.

அயன்மொழி என்றவிடத்து ஆங்கிலம் ஒன்றே என்று விதிகள் கூறவில்லை. உருசியமும் எடுக்கலாம், சப்பானியமும் எடுக்கலாம். எனினும் மிகப்பெரும்பாலோர் எடுப்பது ஆங்கிலமே. 1950களில் உருசியமே சீனக் கல்விக்கூடங்களில் முதலிடம் பெற்றிருந்தது. பின்னர் இரண்டு அரசுகளுக்கும் உறவு முறிந்தது. அம்மொழியும் பின்னிருக்கைக்குப் போயிற்று. அயன்மொழி ஒன்று ஒரு நாட்டில் ஏறுவதும் இறங்குவதும் அம்மொழியின் இனிமையாலோ வளத்தாலோ அன்று என்பது இதனால் விளங்கும்.

இனி, இந்த 100 மதிப்பெண் தாள் ஏன் இத்துணை அச்சத்தை ஊட்டுகின்றது என்று பார்ப்போம். சீன அரசு ஆண்டுதோறும் ஒரு கோடு கிழிக்கின்றது. அதனை 'நாட்டுக் கோடு' என்கின்றனர். மொத்த மதிப்பெண்ணுக்கு ஒரு கோடு. ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியே ஒரு கோடு. 2023ஆம் ஆண்டில், வளர்ச்சி மிக்க வட்டாரங்களில், இலக்கியத் துறைக்கு மொத்தக் கோடு 363, ஆங்கிலத்திற்கு 54. பொறியியலுக்கு மொத்தம் 273, ஆங்கிலத்திற்கு 38. இப்பொழுது ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். அவன் பழஞ்சீனப் பாடல்களை ஆராய விரும்புகின்றான். ஆயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட எழுத்துகளைத் தடையின்றிப் படிக்கின்றான். துறைத்தாள்கள் இரண்டிலும் 130க்கு மேல் பெறுகின்றான். மொத்தம் 390ஐத் தாண்டிவிடுகின்றது. ஆனால் ஆங்கிலத்தில் 53! பொதுவாக அவனுக்கு வாயில் அடைபட்டுவிடும். தன் முன்னோர் பாடல்களைத் தன் தாய்மொழியில் ஆராய்வதற்கு, தான் ஒருமுறையும் காணாத ஒரு தீவினரின் மொழியில் ஒரு மதிப்பெண் குறைந்தது என்பது அவனுக்குத் தடை! இந்த ஒரு மதிப்பெண்ணுக்காகவே சொற்பட்டியலோடு ஓராண்டுக் காலம் மல்லுக்கு நிற்கவேண்டியிருக்கின்றது.

தாளின் அமைப்பு இது. இருபது இடங்களில் சொல் நீக்கப்பெற்ற ஒரு கட்டுரை, பொருந்திய சொல்லைத் தேர்ந்து நிரப்பவேண்டும், 10 மதிப்பெண். பின்னர் நான்கு கட்டுரைகள்; ஒவ்வொன்றின்மேலும் ஐந்து வினாக்கள்; வினாவுக்கு 2 மதிப்பெண்ணாக 40. அடுத்து, கலைந்த பத்திகளை வரிசைப்படுத்துதல் போன்ற ஒரு பகுதி; 10. அடிக்கோடிட்ட ஐந்து தொடர்களைச் சீனத்தில் பெயர்த்தல்; 10. இறுதியில் மடல் ஒன்றும் கட்டுரை ஒன்றும், 30. இது கலை, அறிவியல் துறையினர்க்கான முதல் வகைத் தாள். 2010 முதல், தொழிற்பட்டங்களை நாடுவோர்க்குச் சற்று எளிய இரண்டாம் வகைத் தாளும் உண்டு. கேட்டு எழுதும் பகுதி 2002இல் சேர்க்கப்பெற்று 2005இல் நீக்கப்பெற்றது. ஆகவே இத்தேர்வுக்குப் பேசவும் வேண்டா, கேட்கவும் வேண்டா. கண்ணும் கையும் போதும். சீனரே இதனை 'ஊமை ஆங்கிலம்' என்று எள்ளுவதுண்டு. நூறில் அறுபதுக்கும் மேற்பட்ட மதிப்பெண் படித்துப் பொருள்கொள்ளும் திறத்தையே சார்ந்திருக்கின்றது. படிப்பதற்குச் சொல் வேண்டும். எத்தனை சொல்? பாடத்திட்டம் கூறும் அளவு ஏறத்தாழ 5,500.

இந்த ஐயாயிரத்து ஐந்நூறு சொற்களையும் பட்டியலிட்டு விற்கும் நூல்கள் சீனப் புத்தகக்கடைகளில் மலைமலையாகக் குவிந்துகிடக்கின்றன. அகரவரிசைப்படி அச்சிட்ட பட்டியல்களில் முன்னணியில் வந்து நிற்கும் சொல் 'அபாண்டன்' என்பது. 'கைவிடு' என்று பொருள். ஊக்கத்தோடு நூலை வாங்கிய மாணவன் முதற்பக்கத்தைத் திறக்கின்றான். 'கைவிடு' என்பதைக் கற்கின்றான். நான்கு நாள் கழித்து நூலைக் கைவிடுகின்றான். அடுத்த திங்களில் மீண்டும் முதற்பக்கத்திலிருந்து தொடங்குகின்றான், மீண்டும் 'கைவிடு'. சீனத்தில் இது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பெறும் நகைச்சுவை. ஆங்கிலமே தெரியாதவர்க்கும் அந்த ஒரு சொல் தெரியும் என்பார்கள். இதற்கு அஞ்சியோ என்னவோ, அகரவரிசையைக் குலைத்து அச்சிடும் நூல்களும் வந்துவிட்டன.

உருப்போடும் முறைகள் பலவகை. ஒன்று, ஒலி வழியாக நினைவில் நிறுத்துதல். நோயாளி ஊர்தியைக் குறிக்கும் 'ஆம்புலன்சு' என்னும் சொல்லைச் சீனமொழியின் ஒலிகளில் 'ஆன் பூ-நெங் சி' என்று திரித்துக்கொள்கின்றனர். 'நான் சாகக்கூடாது' என்று அதற்குப் பொருளாகிறது. ஊர்தியை அழைப்பவன் வேறு என்ன சொல்லுவான்! பொருளியலைக் குறிக்கும் 'எக்கானமி' என்பதை 'யீ-காவ் நோங்-மின்' என்று ஆக்குகின்றனர். 'உழவரைச் சார்ந்திரு' என்பது பொருள். 'உழுவார் உலகத்தார்க்கு ஆணி' என்று கற்ற தமிழர்க்கு இது பிடித்துப்போகலாம். ஆயினும் இம்முறை சிரிப்புக்குப் பயன்படும் அளவிற்குப் படிப்புக்குப் பயன்படுவதில்லை. சொல் நினைவில் நிற்கும், ஒலிப்புக் கெட்டுப்போகும், ஐயாயிரம் சொற்களுக்கும் இவ்வாறு கதை கட்டவும் இயலாது.

மற்றொன்று, மறதிக்கு முன் மீளப் படித்தல். எபிங்கவுசு என்னும் செருமானிய அறிஞர் பொருளற்ற அசைகளைத் தாமே உருப்போட்டு, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கின்றது என்று அளந்து 1885இல் நூல் வெளியிட்டார். அவர் வரைந்த மறதிக்கோடு, இன்று சீன மாணவரின் கைப்பேசியில் வாழ்கின்றது. முதல்நாள் படித்ததை மறுநாளும், இரண்டாம் நாளும், நான்காம் நாளும், ஏழாம் நாளும், பதினைந்தாம் நாளும் மீளப் படிக்கவேண்டும் என்று அட்டவணை வகுத்துக்கொள்கின்றனர். இந்தக் கணக்கை மாணவனுக்காகத் தானே போட்டு, உரிய நாளில் உரிய சொல்லைக் கண்முன் நிறுத்தும் கைப்பேசிச் செயலிகள் பலவாகப் பெருகிவிட்டன. ஆயினும் விடியற்காலையில் ஏரிக்கரையிலும் மாடிப்படியிலும் நின்று, கையில் நூலோடு வாய்விட்டுப் படிக்கும் பழைய வழக்கமும் போகவில்லை. நூலகக் கதவு திறக்குமுன் இருளிலேயே வரிசை நிற்கும்.

மூன்றாவது முறை வேர்ச்சொல் முறை. இதுவே அறிவுக்குகந்தது. 'சுபெக்ட்' என்னும் இலத்தீன் வேருக்குப் பார்த்தல் என்று பொருள். அதன் முன்னும் பின்னும் சில ஒட்டுகளைச் சேர்த்தால் உள்நோக்கு, முன்நோக்கு, பின்நோக்கு, நோக்குவோன் என்று பத்துச் சொற்கள் ஒரே கொத்தாகக் கைக்கு வரும். ஆனால் இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுகின்றது. ஆங்கிலம் கற்கப் புகுந்த சீனன் இலத்தீன் வேரை ஏன் கற்கவேண்டும்? இந்த வினாவை அன்பர்கள் சற்று நின்று எண்ணவேண்டும்.

சீனத்தில் பன்றிக்குச் 'சூ' என்று பெயர். அதன் இறைச்சி 'சூ-ரோ', அஃதாவது பன்றியிறைச்சி. மாடு 'நியூ', அதன் இறைச்சி 'நியூ-ரோ'. ஆடு 'யாங்', அதன் இறைச்சி 'யாங்-ரோ'. மூன்று வயதுக் குழந்தைக்கும் தானே விளங்கும். தமிழிலும் அவ்வாறே. ஆங்கிலத்திலோ பன்றி 'பிக்', இறைச்சி 'போர்க்'. மாடு 'கௌ', இறைச்சி 'பீப்'. ஆடு 'சீப்', இறைச்சி 'மட்டன்'. பெயருக்கும் பெயருக்கும் உறவே இல்லை. சீனத்தில் பல் 'யா', பல்மருத்துவர் 'யா-யீ'. ஆங்கிலத்தில் பல் 'டூத்'; மருத்துவரோ 'டெண்டிசுட்டு'. ஞாயிறு 'சன்', ஞாயிற்றுக்குரியது 'சோலார்'. அரசன் 'கிங்', அரசனுக்குரியது என்று சொல்ல 'கிங்லி' என்பது ஒன்று, 'ராயல்' என்பது ஒன்று, 'ரீகல்' என்பது ஒன்று. முதலது ஆங்கிலத்தின் சொந்தச் சொல். இரண்டாவது பிரெஞ்சு வழி வந்தது. மூன்றாவது இலத்தீன் வழி வந்தது. 1066இல் நார்மாந்தியினர் இங்கிலாந்தை வென்றனர். மாட்டை மேய்த்தவன் ஆங்கிலம் பேசினான். சமைத்த இறைச்சியை உண்டவன் பிரெஞ்சு பேசினான். அந்தப் பழைய தோல்வியின் தழும்பைத்தான் ஆயிரம் ஆண்டு கழித்து ஒரு சீன மாணவன், திசம்பர்க் குளிரில், கைவிரல் விறைக்க விறைக்கத் தனித்தனிச் சொல்லாக உருப்போட்டுக்கொண்டிருக்கின்றான்!

கடன் வாங்கிய மொழி வளம்பெற்றது என்று கூறுவோர் உண்டு. வளம் என்பது யாருக்கு என்று பார்க்கவேண்டும். சீனச் சிறுவன் மூவாயிரம் எழுத்துகளைக் கற்றால், அவற்றின் கூட்டால் ஆகிய பல்லாயிரம் சொற்கள் அவனுக்குத் தாமே கதவு திறக்கின்றன. 'தியென்' என்பது மின். மின்னோடு பேச்சு சேர்ந்தால் தொலைப்பேசி; நிழல் சேர்ந்தால் திரைப்படம்; மூளை சேர்ந்தால் கணிப்பொறி. 'தியென்-நாவ்', மின்மூளை! ஆங்கிலம் பயிலும்போதோ இந்த ஒளி அணைந்துவிடுகின்றது. ஒவ்வொரு சொல்லும் தனிப்பாறையாக நிற்கின்றது. அந்தப் பாறையை உடைக்க இலத்தீன், கிரேக்க உளிகளைத் தேடவேண்டியிருக்கின்றது.

சீனமும் இந்தத் தெளிவை எளிதில் பெற்றுவிடவில்லை. தொலைப்பேசி வந்த புதிதில் அதனைத் 'தெ-லூ-பெங்' என்று ஆங்கில ஒலியிலேயே எழுதினர். 1919ஆம் ஆண்டு மாணவர் எழுச்சியின்போது குடியாட்சியையும் அறிவியலையும் 'திருவாளர் தெ', 'திருவாளர் சாய்' என்று ஐரோப்பியச் சொற்களின் முதலொலியால் அழைத்தனர். காலப்போக்கில் இவ்வொலிபெயர்ப்புகள் உதிர்ந்து, பொருள் விளங்கும் சீனச்சொற்கள் நிலைத்தன. அவற்றுள் பல, சீன எழுத்துகளைக் கொண்டு சப்பானியர் முதலில் ஆக்கியவை என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

இவ்விடத்தில் யென் பூ என்னும் பெரியாரை நினைக்கவேண்டும். 1854இல் பிறந்தவர், கடற்படைக் கல்விக்காக 1877இல் இங்கிலாந்து சென்று இரண்டாண்டு கற்றவர். அக்சுலி என்னும் அறிஞரின் திரிவாக்கக் கொள்கை நூலைப் பழஞ்சீன நடையில் பெயர்த்து 1898இல் வெளியிட்டார். மொழிபெயர்ப்புக்கு உண்மை, தெளிவு, செம்மை என மூன்று இலக்கு வகுத்தார். ஒரு குறியீட்டுச் சொல்லை முடிவு செய்வதற்குப் பல நாள், சிலபோது ஒரு திங்கள் கூடத் தயங்கி நின்றதாக அவரே குறித்திருக்கின்றார். பொருளியலுக்கும் குமுகாயவியலுக்கும் அவர் ஆக்கிய சீனச்சொற்கள் நிலைக்கவில்லை. சப்பானிலிருந்து வந்த சொற்கள் வென்றுவிட்டன. சொல்லாக்கிய உழைப்பு வீண்போயிற்றா? போகவில்லை. அவர் ஆங்கிலம் படித்தது ஆங்கிலத்தில் வாழ்வதற்கன்று; அதிலுள்ளதைச் சீனமாக்குவதற்கு. இன்றைய தேர்வுத்தாளில் அடிக்கோடிட்ட ஐந்து தொடர்களைச் சீனத்தில் பெயர்க்கும் பகுதி ஒன்று உண்டு என்று முன்னர்ச் சொல்லப்பெற்றதன்றோ? யென் பூவின் வழியில் எஞ்சியிருப்பது அந்தப் பத்து மதிப்பெண்தான். அதனையும் பல மாணவர் கடைசிக்குத் தள்ளிவிட்டு, நேரமிருந்தால் எழுதுகின்றனர்.

சொல் கற்றால் மட்டும் தொடர் விளங்கிவிடுமா? விளங்காது. 'தெரிந்த சொல்லின் தெரியாத பொருள்' என்று சீன ஆசிரியர்கள் ஒரு தனிப் பாடமே நடத்துகின்றனர். 'அட்ரெசு' என்றால் முகவரி என்று எல்லாரும் அறிவர். தேர்வுத்தாளிலோ அது 'சிக்கலை எதிர்கொண்டு தீர்க்க முற்படு' என்று வினையாக வந்து நிற்கும். 'சாம்பியன்' என்றால் வாகை சூடியவன். தேர்வில் 'ஒரு கொள்கைக்காகப் பரிந்து நில்'. 'இசுகூல்' என்றால் பள்ளி. தேர்வில் மீன்கூட்டமாகவும் இருக்கலாம். 'நாவல்' என்றால் கதை. தேர்வில் 'புதுமையான' என்பது பொருள். இந்தக் கடைசிச் சொல்லில் சீன மாணவன் இடறுவான்; தமிழ் மாணவன் இடறமாட்டான். சீனத்தில் அதற்குச் 'சிற்றுரை' என்னும் பொருளில் பெயர். தமிழிலோ 'புதினம்' என்றே பெயர். புதுமை என்னும் வேர் பெயரிலேயே கிடக்கின்றது. நல்ல சொல்லாக்கம் அயன்மொழியைக் கற்பதற்கும் துணைநிற்கும் என்பதைத் தனித்தமிழை எள்ளுவோர் எண்ணிப்பார்க்கலாம்.

இதனினும் பெரிய இடர் நெடுந்தொடர். சீனத்தில் பெயரை விளக்கும் தொடர் பெயருக்கு முன்னே வரும். தமிழிலும் அவ்வாறே. 'நேற்று வந்த மாணவன்' என்கிறோம். சீனனும் நேற்று, வந்த, மாணவன் என்னும் அதே வரிசையில் சொல்லுகின்றான். தமிழின் பெயரெச்ச ஈற்றுக்கு அவனிடம் 'த' என்று ஒரு சிறு சொல் உண்டு. ஆங்கிலமோ தலைகீழ். மாணவனை முதலில் நிறுத்திவிட்டு, அவன் எப்படிப்பட்டவன் என்பதைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். அந்த வாலுக்குள் மற்றொரு பெயர் வரும். அதற்கு மற்றொரு வால். ஐம்பது சொல் நீளத்திற்குப் போய், எழுவாய் எது, அதற்குரிய வினை எது என்று தெரியாமல் மாணவன் திகைப்பான். எனவே ஆசிரியர்கள் 'அடிமரத்தைக் கண்டுபிடி' என்று கற்பிக்கின்றனர். முதலில் முற்றுவினையைத் தேடு. அதற்குரிய எழுவாயைப் பிடி. கிளைத்தொடர்களையெல்லாம் அடைப்புக்குள் போடு. அடிமரம் விளங்கியபின் கிளைகளை ஒவ்வொன்றாக ஏற்று. நன்னூல் கற்பிக்கும் தமிழாசிரியர் ஒருவர் கொண்டுகூட்டுப் பொருள்கோள் சொல்லிக்கொடுப்பது போன்ற காட்சிதான் அது! தமிழைப் போல் வினை கடைசியில் வரும் மொழியன்று சீனம். அதில் வினை நடுவே வரும். அந்த அளவில் ஆங்கிலம் சீனர்க்குச் சற்று அணுக்கமானதே. ஆனால் வினைக்குக் காலங்காட்டும் உறுப்போ, பெயருக்குப் பன்மை ஈறோ பொதுவாகச் சீனத்தில் இல்லை. எனவே அங்கே பெற்ற எளிமையை இங்கே இழக்கின்றனர்.

கட்டுரைகள் 'எக்கனாமிசுட்டு', 'கார்டியன்' போன்ற இங்கிலாந்து, அமெரிக்க இதழ்களிலிருந்து எடுத்துச் சுருக்கப்பெறுகின்றன. பழைய ஆண்டுகளின் தாள்களை 'மெய்வினா' என்று பெயரிட்டு மாணவர்கள் நூல்போலப் போற்றுகின்றனர். முதன்முறை மணிக்கணக்கு வைத்து எழுதுவார்கள். இரண்டாம் முறை ஒவ்வொரு சொல்லையும் அகரமுதலியில் பார்ப்பார்கள். மூன்றாம் முறை தொடர்தொடராகச் சீனத்தில் பெயர்ப்பார்கள். நான்காம் முறை, பிழையான விடைகள் எவ்வாறு பிழையாக ஆக்கப்பெற்றன என்று ஆராய்வார்கள். இந்த நான்காம் முறைதான் ஆசிரியர்களின் தனிச்சரக்கு. 'எப்போதும்', 'ஒருகாலும்' என்று அறுதியிட்டுச் சொல்லும் விடையை ஐயுறு. கட்டுரையிலுள்ள சொல்லை அப்படியே எடுத்துப் பொருளை மாற்றி வைத்த விடை கண்ணி. கரணியத்தையும் விளைவையும் இடம் மாற்றிய விடை கண்ணி. கட்டுரையிலேயே இல்லாததை நுழைத்தது கண்ணி. இவ்வளவும் கற்றவன், கட்டுரையில் அரைப்பகுதி விளங்காமலேயே நான்கு விடைகளுள் சரியானதைத் தொட்டுவிட முடிகின்றது. அதற்குப் பெயர் படித்தல்தானா என்பது வேறு. வேடன் தடம் பார்த்துப் போவது போல் மாணவன் போகின்றான். காட்டின் அழகைக் காண அவனுக்கு நேரமில்லை.

இந்த வேட்டைத்தொழில் பெருவணிகமாகியும் விட்டது. யூ மின்ஓங் என்பவர் சிற்றூரில் பிறந்து, பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை 1980இல் பீகிங் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துறையில் இடம்பெற்றவர். 1993இல் 'புதிய கிழக்கு' என்னும் பயிற்சிப்பள்ளியைத் தொடங்கினார். அமெரிக்கத் தேர்வுக்கு அவர் தொகுத்த சொல்நூல் அதன் அட்டை நிறத்தால் 'சிவப்பு மணிநூல்' என்று பெயர் பெற்றது. பள்ளி வளர்ந்து 2006இல் நியூயார்க்குப் பங்குச்சந்தையில் ஏறியது. 2021இல் பள்ளிச் சிறுவர்க்கான தனிப்பயிற்சி வணிகத்தைச் சீன அரசு கடுமையாகக் கட்டுப்படுத்தியபோது அதற்குப் பெரிய அடி விழுந்தது. அடுத்த ஆண்டு, 2022 சூன் திங்களில், அதன் ஆங்கில ஆசிரியர்கள் இணையத்தின் நேர்க்காட்சியில் நின்று அரிசியும் பழமும் இறைச்சியும் விற்றனர். விற்கும்போதே பலகையில் அப்பொருள்களுக்கு ஆங்கிலச் சொல் எழுதிக் கற்பித்தனர். மக்கள் பேரளவில் திரண்டு வாங்கினர். சொல் விற்றவர் அரிசி விற்றார். அரிசியோடு சொல்லும் கொசுறாகப் போயிற்று!

ஆங்கிலத்தின் இந்தப் பிடியைச் சீனர் எல்லாரும் வாய்மூடி ஏற்றுக்கொண்டனர் என்று கருதவேண்டா. பணியில் இருக்கும் மருத்துவரும் பொறியாளரும் பதவிநிலை உயர்வதற்கு ஆங்கிலத் தேர்வு எழுதவேண்டும் என்று நாடு தழுவியதாக இருந்த கட்டாயம் 2017இல் வெளியிடப்பெற்ற சீர்திருத்தத்தால் தளர்த்தப்பெற்றது. பள்ளிகளில் ஆங்கிலத்தை முதன்மைப் பாடநிலையிலிருந்து இறக்கவேண்டும் என்று 2021இல் அரசியல் ஆலோசனை மாநாட்டு உறுப்பினர் ஒருவர் முன்மொழிந்தார். கல்வி அமைச்சகம் ஏற்கவில்லை. 2023 செப்டம்பரில் சியான் சியாவ்தோங் பல்கலைக்கழகம், தன் மாணவர் பட்டம் பெறுவதற்கு நாட்டு ஆங்கிலத் தேர்வின் தேர்ச்சி தேவையில்லை என்று அறிவித்தது. மொழித்தூய்மை பற்றிய போரும் உண்டு. 2010இல் தொலைக்காட்சியில் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளைத் தவிர்த்துச் சீனப்பெயரைப் பயன்படுத்துமாறு அரசு அறிவுறுத்தியது. 2012இல் தற்காலச் சீன அகரமுதலியின் ஆறாம் பதிப்பு, உரோம எழுத்தில் தொடங்கும் 239 சொற்களைச் சேர்த்துக்கொண்டதும், நூற்றுக்கு மேற்பட்ட அறிஞர்கள் அது முறையன்று என்று கையெழுத்திட்டு முறையிட்டனர். அகரமுதலியில் இரண்டு நூறு சொல் நுழைந்ததற்கே அவ்வளவு எதிர்ப்பு!

ஆயினும் மேற்பட்டத் தேர்வில் ஆங்கிலத்தாள் அப்படியே நிற்கின்றது. அதற்குச் சொல்லப்பெறும் கரணியத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆராய்ச்சி மாணவன் பிற நாட்டார் ஆய்வைப் படிக்கவேண்டும். அவ்வாய்வுகளில் மிகுதியானவை ஆங்கிலத்தில் வருகின்றன. படிக்கும் திறத்தை அளக்க ஒரு தாள் வேண்டும் என்கின்றனர். இயற்பியல் ஆய்வாளனுக்கு இது பொருந்தும். மூலிகை மருத்துவமும் பழம்பாடலும் ஆராய்வோனுக்கும் ஒரே அளவுகோலா என்பதற்கு நிறைவான விடை இல்லை. மேலும், இதழ்க்கட்டுரையில் கண்ணிக்குத் தப்பும் திறம் வேறு. ஆய்வுக்கட்டுரையைப் படித்துச் சீனத்தில் விளக்கும் திறம் வேறு. முன்னதற்கு 40 மதிப்பெண். பின்னதற்கு அணுக்கமானதற்கு 10. இந்த விகிதம் தலைகீழானால் தேர்வும் பயனுடையதாகும். சீனமும் ஆண்டுதோறும் பல இலக்கம் மொழிபெயர்ப்புப் பயிற்சியாளரைப் பெறும்.

இத்தேர்வில் வெற்றி பெறுவதைச் சீனர் 'சாங்-ஆன்' என்கின்றனர். 'கரையேறுதல்' என்பது அதன் நேர்பொருள். தமிழில் மகளை மணமுடித்துக் கொடுத்தவரும் கடனை அடைத்தவரும் சொல்லும் அதே சொல்! முதல்முறை கரையேறாதவர் மறுமுறை எழுதுவதற்கு 'இரண்டாம் போர்' என்று பெயர். மதிப்பெண்கள் பிப்பிரவரித் திங்களின் பிற்பகுதியில் வெளிவருகின்றன. நாட்டுக் கோடும் வருகின்றது. கோட்டிற்குக் கீழே நின்றவர்களுள் ஒரு பகுதியினர் வேலை தேடிப் போகின்றனர். ஒரு பகுதியினர் வாடகை அறையைத் திருப்பிக் கொடுக்காமல் அவ்வூரிலேயே தங்கிவிடுகின்றனர். இளவேனில் முடியுமுன் பழைய சொல்நூல் மீண்டும் வெளியே வருகின்றது. முதற்பக்கத்தில் 'அபாண்டன்', அதன் அருகில், சென்ற ஆண்டு அவர்களே மைக்கோலால் எழுதிவைத்த சீனப்பொருள்.